கோடை வகுப்பை மாலையில் வையுங்கள்

ஆசிரியருக்கு,

பெரியவர்களுக்காக நகரக் கல்லூரி ஒன்று இந்தக் கோடையில் ஐந்து நாள் கல்வெட்டு வகுப்புகள் நடத்தப்போவதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். தேர்வு கிடையாது, வயது வரம்பும் கிடையாது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் காலை 10 முதல் 1 மணி வரை என்றால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? சென்ற மே மாதம் இதுபோன்ற கல்வெட்டு வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். வந்த இருபது பேரில் என்னைப் போல ஓய்வுபெற்றவர்களே அதிகம். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தைப் படிக்க ஆசைப்பட்டு வந்த தையல்காரர் ஒருவர், தினமும் கடையைப் பூட்டிவிட்டு வர முடியாமல் இரண்டாம் நாளே நின்றுவிட்டார். வகுப்பு முடிந்து அக்னி நட்சத்திர வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்றது தனிக் கதை.

மாலை 6 முதல் 8 மணி வரை வைத்தால் அவரைப் போன்றவர்களில் சிலராவது வருவார்கள். அப்புறம், ஒரு நாளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம். செப்பேட்டையும் கல்வெட்டையும் நேரில் பார்ப்பதற்குத் திரையில் காட்டும் படம் ஈடாகாது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறு காலை தோதாக இருக்கும்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பெரம்பூர், சென்னை