பெரிய வீட்டில் ஒரு மூலை

கானாடுகாத்தான்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் பேத்திக்குப் பச்சைக்கிளி வாங்கித் தரப் போவதாக எழுதியிருக்கிறாயே, அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடு. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் சின்ன வயதில் திண்ணைக்குத் திண்ணை கிளிக்கூண்டு தொங்கியது என்று வாதாடாதே. அது இப்போது செல்லாது. பிள்ளை ஆசைப்பட்டால் பட்ஜி என்னும் சின்னக் கிளி வாங்கிக் கொடு. ஆஸ்திரேலியப் பறவை, 1840இல் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோய், அன்றுமுதல் கூண்டிலேயே பெருகிய இனம்.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கிறது. மகனின் வேலை. நீல நிறம், நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருப்பதால் இன்னும் குஞ்சுதான்.

கூண்டை எங்கே வைப்பது என்பதில்தான் முதல் வழக்கு. இத்தனை பெரிய வீட்டில் இடத்துக்கா பஞ்சம் என்பாய். முகப்பில் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் விரலை நீட்டுவார்கள். உள்முற்றத்து வளவு வெளிச்சமாக இருக்குமே என்றாள் என் மனைவி. முற்றத்து ஓட்டின்மேல் பூனை நடமாட்டம். காக்கையின் நிழல் விழுந்தாலே இது வெடவெடக்கிறது. பட்டாலைக் கூடத்தில் ஆள் உயரப் பெல்ஜியம் கண்ணாடி. அதில் தெரியும் பறவையோடு சிநேகம் பிடித்துக்கொண்டால் நம்மை ஏறெடுத்தும் பார்க்காது. அடுப்படிப் பக்கம் கூடவே கூடாது. நம் வீட்டு மிளகாய்த் தாளிப்பு மனிதரையே இருமவைக்கும். அதைவிட மோசம், ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல். அது வெறுமனே அளவுமீறிக் காய்ந்தால் எழும் ஆவி நம் மூக்குக்கே தெரியாது. சின்னப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கடைசியில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு மூலை பிடித்தோம். இரண்டு பக்கமும் சுவர், கண் மட்டத்து உயரம், மின்விசிறிக் காற்று நேரே படாது.

அடுத்த வழக்கு நம் ஊர் உபசாரம். வந்தவர் கை நனைக்காமல் போனால் நமக்குத் தூக்கம் வராதே! பங்காளி வீட்டு ஆச்சி மணகோலப் பலகாரத்தோடு வந்து, "வந்த பிள்ளை பட்டினி கிடக்கலாமா?" என்று கம்பிக்குள் கையை விடப் பார்த்தார். எண்ணெயும் வெல்லமும் அதற்கு ஆகாது என்றால் கோபம். சில நாள் அதைத் தொடாமல், கூப்பிடாமல், தள்ளி உட்கார்வதுதான் அதற்குச் செய்யும் உபசாரம் என்பதை இந்த ஊரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. நான் மட்டும் சற்று தள்ளி நாற்காலி போட்டு, செய்தித்தாளைத் தணிந்த குரலில் வாசிக்கிறேன். குரல் பழகட்டும் என்று. அரசியல் செய்திகளுக்கு அது கண்ணை மூடிக்கொள்கிறது. விவரமான பறவை.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தீனியைத் தொடாது. எல்லோரும் நகர்ந்த பிறகு சாப்பிட்டிருக்கிறது என்பதை உமிதான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு தினையையும் அலகிலேயே உருட்டி, தோலை உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறது. மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதிப் பார்த்தால் அடியில் நாலு மணிகூட இருக்காது. உன் வீட்டில் வளர்த்தால் தினம் ஊதிப் பார்க்கச் சொல். நிறைந்திருக்கிறதே என்று விட்டுவிட்டால் அது பட்டினிதான்.

கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, மருந்தடிக்காத கொய்யாக் கிளைகளைச் செருகினேன். பருமன் மாறி மாறி இருந்தால் பாதம் புண்ணாகாது. இருட்டியதும் மூன்று பக்கம் துணி போட்டுவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒற்றைக்காலில் நின்று அலகை நறநறவென்று அரைத்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நோயைக் கடைசிவரை மறைக்கும் சாதி இது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். தொண்டிக் கடற்கரையில் கடல்நுரை ஒதுங்குமே, கணவாய் மீனின் ஓடு, அதில் இரண்டு மூன்று பொறுக்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போக ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வா. சுண்ணாம்புச் சத்துக்கு அதைவிட வேறு வேண்டியதில்லை. பிள்ளையார் நோன்புச் சடங்குக்கு, இழை எடுக்க, எப்படியும் வருவாய். பேத்தியையும் அழைத்து வா. கூண்டருகே கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடு. தேவகோட்டையில் பஸ் மாறும்போது போன் செய்தால் மகன் வண்டியோடு வந்து நிற்பான்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்