எங்கள் தெருப் பழைய வீட்டை விடுதியாக்கியவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் விடுதி வாசலில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வாசலில் கேமராவும் உண்டு, காவலாளியும் உண்டு. அதனால் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து அம்மா மார்க்கெட்டுக்கு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்.

அம்மாவுக்கு 74 வயது, முட்டி தேய்ந்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வந்தால் உங்கள் வாசல் வரைக்கும்தான் கால் தாங்கும். அந்தத் திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருவார். கல்யாணமாகி வந்த புதிதில் ஊர்க்கதை பேச உட்கார்ந்தவர், இப்போது மூச்சு வாங்க உட்காருகிறார். வீட்டுக்காரர் குடும்பம் பிரான்சுக்குப் போய், கதவு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோதும் திண்ணை திறந்துதான் கிடந்தது. நீங்கள் வந்த பிறகு கயிறு கட்டினீர்கள், பூந்தொட்டி வரிசை வைத்தீர்கள். அன்றைக்கு அம்மா ஒரு தொட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"பாட்டி, எந்திரிங்க. கெஸ்ட் வர்ற நேரம்" என்றாராம் காவலாளி. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்தார். அம்மா எழுந்துபோய் எதிரே சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்தார். டாக்சியில் வந்திறங்கிய உங்கள் கெஸ்ட் முதலில் செய்தது அம்மாவைப் படம் பிடித்தது. கீரைப்பையும் வெற்றிலை வாயுமாகப் படம் அழகாகத்தான் வந்திருக்கும். புதுச்சேரிக்கு வந்ததற்கு அடையாளம் வேண்டுமே.

ஐயா, திண்ணையைத் திறந்துவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சரி, வாசலில் மாட்டியிருக்கும் பித்தளைப் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பிரெஞ்சு வணிகரின் மாளிகை' என்று இருக்கிறது. வெள்ளை நகரம் என்ற பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருவில், திண்ணையும் முற்றமும் வைத்து எந்தப் பிரெஞ்சுக்காரர் வீடு கட்டினார்? 1761இல் பிரிட்டிஷ்காரர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்கு அப்புறம் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1765 முதல் மறுபடி எழும்பியது. அதற்கு முந்திய காலத்து வீடு என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைச் சொல்லலாம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கே துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தவர் வீடு அது. அதிலும் கீழே மரத்தூண் வைத்த தமிழ்க்கட்டு, மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். கீழே நம் பழக்கம், மேலே அவர்கள் அலங்காரம் என்று கலந்து கட்டுவது இந்த ஊர்க் கைவேலை. உங்கள் கட்டடமும் அந்த வகைதான். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துவிட்டு மொத்த வீட்டையும் பிரான்சுக்கு எழுதிவைத்துவிட்டீர்கள்.

இந்த வீடுகளுக்கு ஒரு முறை உண்டு. தெருப்பக்கம் மரக்கால் ஊன்றி இறக்கிய தாழ்வாரம், வெயிலிலும் மழையிலும் நடந்துபோகிறவருக்கு. அதை அடுத்த திண்ணை, வந்தவருக்கும் களைத்தவருக்கும். வாசற்படி தாண்டினால்தான் வீட்டுக்காரர் ராஜ்யம். உங்கள் திண்ணைக் கோடியில் தலை வைத்துப் படுக்கச் சரிவாகக் கட்டிய திண்டு இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? தெரியாத ஆள் வந்து படுப்பான் என்று நினைத்துத்தான் கொத்தனாரை வைத்து அதைக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே காவித் தரையில் ஆணியால் கீறிய ஆடுபுலி ஆட்டக் கோடு இருக்கும். மூன்றாவது பூந்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். பலகையில் எழுத வேண்டிய சரித்திரம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் வீட்டை இடிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்பே அரைத்துப் பூசினீர்கள், பழைய தேக்கு உத்தரங்களை மாற்றவில்லை. கவனிப்பாரில்லாமல் 2014 நவம்பரில் கடற்கரை மேரி கட்டடமே, பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றமே, இடிந்து விழுந்த ஊர் இது. இந்தப் பக்கத்தில் எத்தனை தாழ்வாரங்கள் போய் ஷட்டர் கடைகள் வந்துவிட்டன என்று எண்ணிச் சொல்ல முடியாது. சனி, ஞாயிறு வந்தால் சென்னை, பெங்களூர் வண்டிகள் எங்கள் வாசல்களை அடைத்து நிற்கின்றன, ஆம்புலன்ஸ் நுழைய இடமில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம், ஊர் பிழைக்க வேண்டும். உங்கள் ஆட்கள் முற்றத்தில் வாழையிலை போட்டு 'பாரம்பரியத் தமிழ் விருந்தோம்பல்' என்று பில் போடுகிறார்கள், அதையும் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். காசில்லாமல் நடந்துகொண்டிருந்த விருந்தோம்பல் வாசலிலேயே இருந்தது, அதற்குத்தான் கயிறு கட்டியிருக்கிறீர்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். பலகையைத் திருத்த நாளாகும், பித்தளைக்காரர் நேரம் எடுப்பார். கயிற்றை அவிழ்க்க ஐந்து நிமிடம் போதும். தொட்டிகளை முற்றத்துக்கு மாற்றினால் செடிகளும் பிழைக்கும். தயவுசெய்து திண்ணையைத் திறந்துவிடுங்கள். காவலாளித் தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்புவது காலை பத்து மணிவாக்கில். அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல வேண்டும், தானாக இனி உட்கார மாட்டார்.

இப்படிக்கு,
அதே வரிசையில், உங்களுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவன்