ஆட்டைப் பார்க்கப் போன அப்பாயிக்கு

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை முதல் நான் கல்லூரிக்குப் போகிறேன். கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம். சேர்க்கை ரசீதை அப்பா படத்துக்கு முன்னால் அம்மா வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. உங்களுக்கும், எல்லோருக்கும் மேலாக வடை சுடும் அப்பாயிக்கும் நன்றி சொல்ல எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வருஷம், 2021 வைகாசியில், கொரோனாவில் அப்பா போனதை மறுபடி சொல்லப் போவதில்லை. வாசல் வரைகூட வர முடியாத அந்த நாட்களில் வேலிக்கு வெளியே சோற்றுத்தூக்கை வைத்துவிட்டு, எட்ட நின்று அழுதவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஆனால் அப்புறம் வந்த மாதங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நாங்கள் கொரோனாவால் பொதுத்தேர்வு எழுதவே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் பாதி, பதினொன்றில் கொஞ்சம், பன்னிரண்டில் கொஞ்சம் என்று கணக்குப் போட்டு ஜூலையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். நான் போகவில்லை. அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இது நான் வாங்கிய மார்க்தானா என்று தோன்றும். வீட்டுக்குள்ளேயே இருந்தேன். யார் கூப்பிட்டாலும் தலைவலி என்று சொன்னேன்.

தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருநாள் வீடு தேடி வந்தார். கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு ஊரிலேயே சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர்கள் வேண்டும், ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும், மாதம் 1000 ரூபாய், தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், 20 பிள்ளைகள் என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செல்போனில் அவரே பதிந்துவிட்டுப் போனார். அன்று கோபம் வந்தது. இன்று அவர் காலில் விழத் தோன்றுகிறது.

மார்கழியில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தபோது அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. ஒரு பையன் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று பாடத்தைச் சொல்வான். படத்தை விரலால் மூடினால் நின்றுவிடுவான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தான். அவனைப் பார்த்தபோது எனக்கு என் மார்க் தாள் ஞாபகம் வந்தது. இரண்டு பேருமே ஒன்றை எழுதாமல் தாண்டி வந்தவர்கள்.

இரண்டாம் நாளே சிக்கல் வந்தது. வகுப்பு முடிய ஆறரை ஆகும். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். எங்கள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மதகைத் தாண்டி. அந்த வழியில் விளக்கு கிடையாது. "இருக்கிறது நீ ஒருத்திதான், இருட்டில் வர வேண்டாம், நாளைக்கே சொல்லிவிடு" என்றாள் அம்மா. அவள் பயத்தை நான் குறை சொல்ல முடியுமா? சரி, சொல்லிவிடலாம் என்றுதான் மூன்றாம் நாள் போனேன்.

அன்று வகுப்பு முடிந்து செருப்பைப் போடும்போது, கோயிலுக்கு எதிரே சாயங்காலம் வடை சுடும் அப்பாயி டார்ச்சோடு வந்து நின்றது. டார்ச்சுக்கு மூடி கிடையாது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். "டீச்சரு, அந்தப் பக்கமாத்தான் போறியா? என் ஆடு மதகுப் பக்கம் மேய்ஞ்சிக்கிட்டு நிக்கும், இன்னும் வரலை. வா, பேசிக்கிட்டே போவோம்."

என்னை டீச்சர் என்று முதலில் கூப்பிட்டது அப்பாயிதான். அதற்கு முன்னால் அந்த ஆறேழு மாதமாக எல்லோரும் என்னை "பாவம், அந்தப் புள்ளை" என்றுதான் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது.

அதிலிருந்து தினமும் ஆடு வரவில்லை. தினமும் அப்பாயி வந்தது. வழியெல்லாம் அது பேசும், நான் கேட்டுக்கொண்டு வருவேன். நடவுக்குப் போன கதை, எண்ணெய் விலை, கீழத்தெருக் கல்யாணம். அப்பாவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வேலிப் படல் திறக்கும் சத்தம் கேட்கும்வரை மதகிலேயே நிற்கும். அம்மாவும் நாளடைவில் பயத்தை விட்டாள். "அப்பாயி கூட வருதுல்ல" என்பாள்.

போன மாதம் அப்பாயியின் பேரன் வகுப்பில் ஆடு என்று எழுதிக்கொண்டிருந்தான். "உங்க வீட்டு ஆடு குட்டி போட்டுச்சா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுல ஏதுக்கா ஆடு? பொங்கலுக்கு அடுத்த வாரமே வித்தாச்சே" என்றான்.

பொங்கலிலிருந்து எத்தனை மாதம்! வடை வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, முட்டி வலியோடு, இல்லாத ஆட்டைத் தேடி என்னோடு நடந்திருக்கிறது. துணைக்கு வருகிறேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அப்பாயிக்குத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமும் "ஆட்டைப் பார்க்கணும்" என்று வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்பாயி அன்று வந்திருக்காவிட்டால் மூன்றாம் நாளோடு வகுப்பு நின்றிருக்கும். நானும் தலைவலி என்று மறுபடி படுத்திருப்பேன். கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் பல்பு மாட்டிக் கொடுத்த கோயில் பூசாரி, சுவரில் கரும்பலகை பூசித் தந்த கொத்தனார் மாமா, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காசே வாங்காத நெட் சென்டர் அண்ணன், முதல் நாள் போட்டுக்கொள்ள இரண்டு சுடிதார் தைத்துத் தந்த தையல் அக்கா, பிள்ளைகளைத் தலைவாரி நேரத்துக்கு அனுப்பிய அம்மாக்கள், அத்தனை பேருக்கும் என் நன்றி. பேர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

அந்தப் பையன் இப்போது படத்தை மூடினாலும் வாசிக்கிறான். ஒரு எழுத்தில் நின்று, உதட்டை அசைத்து, மெதுவாகத்தான் வாசிக்கிறான். அவன் மெதுவாக வாசிப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் பலகையைப் பார்த்து கும்-ப-கோ-ணம் என்று தானே படித்துக் காட்டினான்.

வார நாளில் வகுப்பை எடுக்கப் பக்கத்துத் தெரு அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் நான் வருவேன், எந்தப் பரீட்சை இருந்தாலும் வருவேன். இதை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

கடைசி மாதத்து 1000 ரூபாயில் ஒரு டார்ச் வாங்கி வைத்திருக்கிறேன். சார்ஜ் போடுகிற டார்ச், ரப்பர் பேண்டு வேண்டியதில்லை. அப்பாயி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன். அப்படியே மதகு வரைக்கும் போய் ஆட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.