ரைனிக் கல்லில் உன் ஆய்வு

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். பேர்ணாம்பட்டு அத்தையின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்றச் செய்திகளை அப்பா எழுதுவார். பொங்கலுக்குப் பிறகு நீ அனுப்பிய கடிதங்களில் அபர்டீனின் குளிரும் வீட்டு வாடகையும் இருக்கின்றனவே தவிர, நீ ஆராயும் பேலியோகரினிடே என்னும், சிலந்திக்கு உறவான அற்றுப்போன உயிர்க் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் காரணம் கேட்கவில்லை.

சிலந்தியின் புத்தக நுரையீரலை, தாள்கள்போல் மடல்கள் அடுக்கிய அந்த மூச்சுறுப்பை, கரும்பலகையில் வரைந்தே கற்பித்த எனக்கு, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் ரைனியில் வெந்நீர் ஊற்றுகளில் இருந்த சிலிக்கா, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அக்குடும்ப உயிர் ஒன்றின் நுரையீரல் மடல்களைக்கூடக் கலையாமல் கல்லாக்கி வைத்திருப்பதை நீ அனுப்பிய படத்தில் கண்டபோது உண்டான பெருமையை இன்றும் சொல்லி முடியவில்லை. நம் வேலூர் மலைகள் அதைவிடப் பன்மடங்கு பழையவை. ஆயினும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இப்பாறைகளில் உயிரின் தடம் தங்கவில்லை. கோட்டை அகழியோரம் கல் பொறுக்கிய பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது அதனால்தான்.

பார்வைக்குச் சிலந்தி போலிருந்தாலும் பேலியோகரினிடே உயிர்களுக்கு நூல் சுரக்கும் உறுப்பு இல்லை, வயிற்றின் மேற்புறம் தகடுகளாகப் பிரிந்திருக்கும் என்று உறவினர் அனைவருக்கும் விளக்கியிருக்கிறேன். இப்போது அவர்கள் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் புதிதாக எதுவும் இல்லை.

ஆய்வாளர் ஹர்ஸ்ட் 1923-ல் விவரித்த அந்த உயிருக்குப் புத்தக நுரையீரல் இருந்ததை, 1961-ல்தான் கிளாரிட்ஜ், லயன் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துரைத்தார்கள். இடையில் 38 ஆண்டுகள். ஆகவே, உன் ஆய்வு தாமதமாகிறது என்று யாரேனும் சொன்னால் மனம் தளராதே.

கல்லை மெல்லிய சீவலாகத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்துகொள். நீர் விட்டுத் தேய்த்தாலும் அணிந்துகொள். சிலிக்காத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. ஆனி மாதக் காற்றில் உனக்கு இழுப்பு வந்த இரவுகளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மருந்தைக் கைப்பையிலேயே வைத்திரு. நேரத்துக்குச் சாப்பிடு. முகக்கவசத்தை மறவாதே.

அந்த உயிருக்கு இரண்டு இணை நுரையீரல்கள் உண்டு என்று நீ எழுதியிருந்தாய். படத்தில் நான் கண்டது ஓர் இணையை மட்டுமே. மற்றது உன் சீவல்களில் தெரிந்ததா? ஆய்வுக்கூடத்துக்கு இப்போதும் செல்கிறாயா? இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
அம்மா