பேப்பரில் எழுதிப் பார், மகன்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பா வழமைபோல் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போய் வருகிறார். அம்மம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு, வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்கு நடந்தே போனா. மூதூரிலிருந்து பெரியம்மா வந்தபோது உன்னைத்தான் முதலில் கேட்டா. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

போன் எடுத்தால் "சாப்பிட்டேன் அம்மா, படிக்கிறேன் அம்மா" என்று இரண்டு வசனத்தோடு வைத்துவிடுகிறாய். மிட் சோதனைக்கு முன்னம் நீ இப்படி இல்லை. புள்ளி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, இந்தக் கடிதத்திலும் கேட்கமாட்டேன். கொம்பியூட்டரில் தரவை அடுக்கித் தேடும் முறைகளைப் படிக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் படிப்பிக்கிற பாடம் அது. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தில் புரோகிராம் வரிகளை வாசிக்கும்போது எல்லாம் விளங்கும். வெறும் தாளைத் தந்து எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். உடனே "எனக்குப் பாடமில்லை" என்று நினைத்துக் குறிப்பை இன்னும் ஐந்து தரம் வாசிப்பார்கள். வாசிப்பால் அது வராது, மகன். பேப்பரில், பென்சிலால், ஒவ்வொரு வரியாக நீயே கொம்பியூட்டர் மாதிரி ஓட்டிப் பார்த்தால்தான் வரும்.

ஒவ்வொரு பெட்டியும் அடுத்ததுக்கு அம்பு காட்டும் சங்கிலிதானே லிங்க்ட் லிஸ்ட், அதைத் திருப்பும் கேள்வியை எடு. 10, 20, 30 என்று மூன்று நோட் (பெட்டி) கீறு. பிரெவ் (முந்தியது), கர் (இப்போது நிற்பது), நெக்ஸ்ட் (அடுத்தது) என்று மூன்று நிரல் போட்டு அட்டவணை ஒன்று அடி. தொடக்கத்தில் பிரெவ் வெறுமை, கர் 10 இல் நிற்கும். லூப்புக்குள் நாலே வேலைதான்: கருக்கு அடுத்ததை நெக்ஸ்டில் எடுத்து வை, கரின் அம்பைப் பிரெவ் பக்கம் திருப்பு, பிரெவைக் கர் நிற்கும் இடத்துக்கு நகர்த்து, கரை நெக்ஸ்டுக்கு நகர்த்து. இனி முதல் இரண்டு வரியையும் வேண்டுமென்றே இடம் மாற்றி ஓட்டிப் பார். 10 இன் அம்பு முதலிலேயே வெறுமைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு "கருக்கு அடுத்தது எது" என்று கேட்டால் வெறுமைதான் விடை. லூப் ஒரு சுற்றோடு நின்றுவிடும். 20 உம் 30 உம் நினைவகத்தில் இருக்கும், ஆனால் அவற்றுக்குப் போக வழி இருக்காது. வரிசை ஏன் அப்படி என்று இதை ஒரு தரம் கையால் கண்டவனுக்கு அந்த நாலு வரியையும் பாடமாக்கத் தேவையில்லை.

கடைசியில் திருப்பிக் கொடுக்கவேண்டியது பிரெவை. கர் அந்த நேரம் வெறுமையில் நிற்கும். பழைய தொடக்க நோட்டான ஹெட்டைக் கொடுத்தால் 10 மட்டும்தான் கிடைக்கும். இந்த ஒரு வரியில் புள்ளியை விடுகிற பிள்ளைகள் அதிகம். வெறும் லிஸ்ட், ஒரே ஒரு நோட் உள்ள லிஸ்ட், இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் பேனையைக் கீழே வைக்காதே. அழிக்கும் கேள்வியென்றால் முதல் நோட்டை அழிக்கும் நிலைமையையும் பார். முன்னால் ஒரு டமி நோட் (வெறும் போலிப் பெட்டி) வைத்துக்கொண்டால் அதற்கென்று தனி இஃப் வேண்டாம். சி மொழியில் எழுதினால் நோட்டின் நினைவகத்தை ஃப்ரீ பண்ணுவதற்கு (விடுவிப்பதற்கு) முன்பே அடுத்ததன் முகவரியை எடுத்து வை. ஃப்ரீ பண்ணின நோட்டைத் தொட்டால் உன் மெஷினில் ஓடினாலும் லாபில் விழக்கூடும்.

வரிசையான எண்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் லேசு என்று நினைத்துக் கடந்துபோகாதே. 4, 9, 15 என்று மூன்று எண் எடு. மூன்றையும் தேடு, பிறகு இல்லாத 2, 10, 20 ஐயும் தேடு. ஒவ்வொரு சுற்றிலும் லோ, ஹை, மிட் (தேடும் பகுதியின் தொடக்கம், முடிவு, நடு) மூன்றையும் எழுது. எக்ஸ் என்ற எண்ணை விடச் சிறியதல்லாத முதல் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், மிட்டில் இருப்பது சிறியதாக இருக்கும்போது லோவை மிட் கூட்டல் 1 க்கு நகர்த்தவேண்டும். வெறுமனே மிட் என்று எழுதினால் லோ 0, ஹை 1 ஆக வரும்போது மிட் 0 ஆகும், லோ திரும்பவும் 0, அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து எண்ணோடு ஓட்டிப் பார்த்தால் எங்கே மாட்டினது என்று தெரியாது. இரண்டு எண்ணோடு ஓட்டினால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். அதனால்தான் சின்ன உள்ளீடு எடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் பிரிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 32 பிட் முழுவெண் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் மிட் எதிர்மறையாகிவிடும். லோவோடு இடைவெளியின் பாதியைக் கூட்டினால் சிக்கலில்லை. இந்தப் பிழை ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே ஒன்பது வருஷமளவில் கிடந்து 2006 இல்தான் வெளியே வந்தது. அதை எழுதிய ஜோஷுவா புளொக்கே அதைப் பகிரங்கமாக எழுதினார். அப்படிப்பட்டவர்களுக்கே தப்பின இடத்தில் இரண்டாம் வருஷப் பிள்ளைக்குத் தப்புவது வெட்கமில்லை, மகன்.

ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்ப அழைக்கும் ரிகர்ஷன் உனக்குக் கஷ்டமாக இருக்கவே கூடாது. இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை நீ. தொகுத்தறிவு முறையில் எத்தனை நிறுவல் செய்திருக்கிறாய்! n = 1 க்குக் காட்டுவது பேஸ் கேஸ். k க்கு உண்மை என்று எடுத்து k + 1 க்குக் காட்டுவது, சின்ன அழைப்பு சரியான விடையைத் தரும் என்று நம்பி மிச்சத்தைச் செய்வது. உள்ளே உள்ளே போய் மனதால் துரத்தாதே, மூன்றாவது அழைப்பிலேயே தலை சுற்றும். இரண்டே கேள்வி கேள்: பேஸ் கேஸ் இருக்கிறதா, ஒவ்வொரு அழைப்பிலும் அதற்குக் கிட்டப் போகிறதா. விடை சரியென்றாலும் வேகத்தைப் பார்க்கவேண்டும். ஃபிபோனாச்சியை அப்படியே ரிகர்ஷனால் எழுதினால் 40 ஆவது எண்ணுக்கு 33 கோடிக்கு மேல் அழைப்பு. ஒரு தரம் கண்ட விடைகளைச் சேமித்து வைத்தால் நூற்றுக்கும் குறைவு.

உள்ளீடு பெருகப் பெருக வேலை எப்படிப் பெருகும் என்று கணிக்கும் பிக் ஓவுக்கு லூப்புகளை எண்ணிவிட்டு "இரண்டு லூப், ஆகவே n வர்க்கம்" என்று எழுதாதே. உள் லூப்பின் எண்ணி ஒவ்வொரு தரமும் இரட்டிப்பானால் அது n லொக் n. உள்ளீடு 1 இலட்சம் என்று கேள்வியில் தந்தால் அது துப்பு. n வர்க்கம் என்றால் 1000 கோடி வேலை. செக்கனுக்குச் சுமார் 10 கோடி என்று கணக்குப் போட்டால் அது நேரத்துக்குள் ஓடி முடியாது. n லொக் n என்றால் 17 இலட்சம்தான். பைதனில் லிஸ்டின் முன்னாலிருந்து பொப் பண்ணினால் (எடுத்தால்) ஒவ்வொரு தரமும் மிச்சம் முழுக்க நகரும், கியூவுக்கு இரண்டு பக்கமும் எடுக்கக்கூடிய டெக் எடு. எண்களை வரிசைப்படுத்தும் குவிக்சோர்ட்டில் முதல் எண்ணையே பிவட் (பிரிக்கும் எண்) ஆக்கினால் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் தரவில்தான் மோசமாக அடிவாங்கும். லாபில் தருவதும் அப்படித் தரவுதான்.

எடை குறைந்த வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா முறையைப் பாடமாக்காதே, எங்கே உடையும் என்று பார். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு 2, மூதூருக்கு 5, மூதூரிலிருந்து கிண்ணியாவுக்குக் கழித்தல் 4 என்று எடை போடு (தூரமில்லை, வெறும் எண்). முதலில் கிண்ணியாவை 2 என்று முடித்துவிடும். சரியான விடை 1. முடித்ததைத் திரும்பத் திறப்பதில்லை என்பதுதான் அதன் வேகம். கழித்தல் எடை வந்தால் அதுவேதான் பிழையும். இதை இரண்டு வரியில் எழுதினால் முழுப் புள்ளி.

சட்ஜிபிடியிடம் கேட்காதே என்று சொல்லமாட்டேன். ஆனால் அரை மணித்தியாலமாவது உன் அட்டவணையோடு இருந்துவிட்டுக் கேள். விடையைத் தா என்று கேட்காமல் "என் மூன்றாவது வரி ஏன் பிழை" என்று கேள். பார்த்த விடையை மூடிவிட்டுத் திரும்ப எழுது. அடுத்த நாள் காலை ஒருக்கா, மூன்று நாள் கழித்து ஒருக்கா. சோதனை மண்டபத்தில் கூட இருக்கப்போவது பேனையும் தாளும்தான், அதனால் இப்போதே பேப்பரில் எழுது.

இதையெல்லாம் நீயாகவே கண்டுபிடிக்கக்கூடிய பிள்ளைதான். கட்டுபெத்தைக் கம்பஸுக்கு எடுபட்ட நாளில் அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததை நீ பாரமாக வைத்திருக்கிறாயோ என்று எனக்கு ஒரு யோசனை. தங்கச்சி கேட்டாலும் "எல்லாம் ஓகே" என்கிறாயாம். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவளும் இதே பாடத்துக்குத்தான் வரப்போகிறாள்.

ஒரு பாடம் றிப்பீட் வந்தாலும் படிப்பு நிற்காது. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்வேன், நீ அதைப் பற்றி யோசிக்காதே. லெக்சரரிடமோ இன்ஸ்ட்ரக்டரிடமோ போய் விடைத்தாளைப் பார்த்து, எந்தக் கேள்வியில் எந்த வரியில் போனது என்று எழுதிக்கொண்டு வா. அதுதான் எனக்கு வேண்டும், புள்ளி இல்லை.

பெரியம்மாவின் மகன் இரவு மெயிலில் கொழும்புக்கு வருகிறான். கருவாடும் எள்ளுருண்டையும் சதுரக் கோடு போட்ட கொப்பி இரண்டும் அவனிடம் தந்துவிடுகிறேன். சதுரக் கோட்டில் அட்டவணை அடிக்க வசதி. லிஸ்டைத் திருப்பும் அட்டவணையை அதில் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. பிழையோ சரியோ, அழிக்காமல் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், அந்தக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு.

அன்புடன்,
அம்மா