எங்கள் ஊரில் போன் வைஃபைக்குத் தானாக மாறுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பொது வைஃபை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை படித்தது கோபத்தில். "செல்பேசிக் கோபுரத்திலிருந்து வைஃபைக்கும், வைஃபையிலிருந்து கோபுரத்துக்கும் போன் தானாக மாறிக்கொள்ளும், பேசுகிறவருக்கு அது தெரியவே தெரியாது" என்று போட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது ஐயா. பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு நன்றாகவே தெரிந்தது.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 19 வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று இரவு ஒன்பது மணி இருக்கும், என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போன அவசரத்தில் மாத்திரை டப்பாவை எடுக்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எது, எத்தனை மில்லிகிராம் என்பதுதான். தலையில் அடி என்றால் அதை முதலில் கேட்பார்கள், அது எனக்கும் தெரியும். மாத்திரைச் சீட்டின் படம் என் கணவர் போனில் இருக்கிறது, அவரோ ரிச்சர்ட்ஸ் பே என்ற வேறு ஊரில் இரவு ஷிப்ட்டில் இருக்கிறார்.

அந்த வார்டில் என் போனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சுவரில் மட்டும் இலவச வைஃபை என்று பெரிய பலகை. சரி, வாட்ஸப்பிலாவது கூப்பிடலாம் என்று அதில் சேர்ந்தேன். ஒரு பக்கம் திறந்து செல்பேசி எண் கேட்டது, கொடுத்தேன். உங்களுக்கு ஓடிபி குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறோம் என்றது. குறுஞ்செய்தி வர சிக்னல் வேண்டுமே! வெளியே ஓடி, காவலாளி கூண்டுப் பக்கம் நின்றால் செய்தி வருகிறது, ஆனால் அங்கே வைஃபை எட்டாது. திரும்ப உள்ளே வந்தால் அந்தப் பக்கம் முதலிலிருந்து எண்ணைக் கேட்கிறது, பழைய ஓடிபி செல்லாது என்கிறது. மூன்று முறை ஓடினேன், கையெல்லாம் நடுக்கம். கடைசியில் ஒரு நர்ஸம்மா மேசைப் போனைத் தூக்கிக் கொடுத்தார், அதில்தான் என் கணவரைப் பிடித்தேன். மாமியார் பிழைத்துவிட்டார், கடவுள் புண்ணியம். அந்த நர்ஸம்மா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

அப்புறம் கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அத்தை, இந்த ஓடிபியே தேவையில்லை என்கிறான். சிம் கார்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறதாம். வைஃபை வழியாகவே நம் செல்பேசி நிறுவனத்தின் கணினி ஒரு கேள்வி அனுப்பும், சிம் அந்தச் சாவியை வைத்து விடை சொல்லும், விடை சரியாக இருந்தால் கதவு திறந்துவிடும். எண்ணும் வேண்டாம், பக்கமும் வேண்டாம். இதற்கான விதிமுறை 2006லேயே எழுதி வெளியாகிவிட்டது, இ.ஏ.பி.-சிம் என்று பெயர். போன் தானே வைஃபையைத் தேடிச் சேரும் பாஸ்பாயிண்ட் ஏற்பாடு 2012லேயே வந்துவிட்டது. இப்போது விற்கும் போன்களில் பெரும்பாலும் இரண்டும் இருக்கிறதாம். பிறகு ஏன் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை? வைஃபை நடத்துகிறவரும் செல்பேசி நிறுவனமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டும், அதை யாரும் போடவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தம் போடாமல் பொது வைஃபைக்குப் போன் இப்படித் தானாக மாறாது. இது உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரிய செல்பேசி நிறுவனங்கள் ஒரு ஜிபி டேட்டாவை 149 ராண்டுக்கு (ராண்டு எங்கள் நாட்டுப் பணம்) விற்றன, அதுவும் 30 நாளுக்குத்தான். 2016இல் டேட்டா விலை குறைய வேண்டும் என்று நாடே கூச்சல் போட்டது. நிறுவனங்களுக்குள் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம் விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த பிறகுதான், 2020 ஏப்ரலில் 99 ராண்டுக்கு இறங்கியது. அந்த விலையில் வாங்கிய டேட்டா மாதக் கடைசியில் மீதியிருந்தும் செத்துப்போனதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! என் வகுப்புப் பிள்ளைகள் நூலகம் மூடிய பிறகும் அதன் படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளிருந்து கசியும் வைஃபையில் வீட்டுப்பாடம் செய்வார்கள். மின்வெட்டுக் காலத்தை, 2022, 2023ஐ, நினைத்தாலே அலுப்பு. கரண்ட் போய்ப் போய் வரும், கோபுரத்து பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும், பல இடங்களில் பேட்டரியையே திருடிக்கொண்டு போனார்கள். வீட்டில் இன்வர்ட்டரும் ஃபைபரும் வேலை செய்யும், போனில் மட்டும் சிக்னல் இருக்காது.

அந்த நாட்களில் வைஃபை காலிங் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தால்! அதே எண், சாதாரணமாக டயல் செய்கிற மாதிரிதான், பேச்சு மட்டும் வீட்டு வைஃபை வழியாக, பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டிய பாதையில் செல்பேசி நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்து போகும். கோபுரம் செத்திருந்தாலும் கூப்பிடலாம், கூப்பிட்டால் வரும். அந்தப் பொத்தான் என் போனிலேயே இத்தனை வருடம் அணைந்து கிடந்திருக்கிறது. போன மாதம்தான் அண்ணன் மகன் சொல்லி ஆன் செய்தேன். நிறுவனமும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. நாலு பக்கம் எழுதிய உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. உங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தால் காணொளி தானாக ஓடுகிறது. ஜிபி வாங்கித் தமிழ் படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறோம், காசு போவது எங்களுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்பே இதை எழுதினேன், பதில் இல்லை. தைப்பூசத்துக்கு மட்டும் டர்பன் காவடிப் படம் கேட்டு மின்னஞ்சல் தவறாமல் வருகிறது. 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காவடி எடுக்கிற நாள் போக மற்ற நாட்களிலும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் போன் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. கடிந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், உங்கள் இதழை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைக்கிறவள் நான்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரியைத் திருத்தி, "ஒப்பந்தம் இருக்கும் இடங்களில் மட்டும்" என்று அடுத்த இதழில் போடுங்கள். வைஃபை காலிங்கை எப்படி ஆன் செய்வது என்று ஒரு பக்கம் போடுங்கள், அந்தப் பொத்தான் இருக்கும் இடம் போனுக்குப் போன் மாறுகிறது, அதனால் படத்தோடு போடுங்கள். நான் அதை அச்செடுத்து கோயில் பலகையில் ஒட்டுகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மாமியார் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.