கோல்வாசலில் நின்றவனும் ஆட்டம் படித்தவன்தான்

கோலாலம்பூர் வட்டாரக் காற்பந்துக் கழகங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒரு கழகத்தின் நேர்காணலுக்கு வந்திருந்தேன். எந்தக் கழகம் என்பது இங்கே வேண்டாம்; கேள்வி கேட்டவருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநர் தேவை என்று அறிவித்திருந்தீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நால்வர். என் சான்றிதழ்களைப் புரட்டிய ஒருவர், "நீங்கள் கோல்காவலராகத்தானே ஆடியிருக்கிறீர்கள்? தாக்குதல் ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவர் முந்திக்கொண்டார்: "கோல்காவலர் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்களேன், அண்ணே. சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான்." கொடுத்த தே தாரேக்கைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தே தாரேக் நன்றாகத்தான் இருந்தது.

அன்று தொண்டையில் நின்றுபோன பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகள் கையுறை மாட்டியிருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் மாற்றுக் கோல்காவலன். மாற்று ஆட்டக்காரர்களிலேயே களமிறங்கும் வாய்ப்பு மிகக் குறைந்தவன் அவன்தான். முதல் கோல்காவலனுக்கு விரல் முறிய வேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை விழ வேண்டும். கொஞ்சம் மனசாட்சி இருந்தால் அப்படி வேண்டிக்கொள்ளவும் முடியாது. ஆகவே தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருப்பான். தலைமைப் பயிற்றுநருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முணுமுணுப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆறு ஆண்டுகள் சம்பளத்தோடு படித்த படிப்பு அது. சம்பளம் குறைவு என்பது வேறு கதை.

ஓர் ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. அடைமழை. எதிர்க்குழுவின் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பு சில சமயம் தோள்மேல் திரும்பிப் பார்ப்பார். பார்த்தார் என்றால் பந்தைத் தம் கோல்காவலருக்கே தட்டிவிடுவார். பார்க்கவில்லை என்றால் கோட்டோரமாக நீளமாக அடிப்பார். முதல் பாதியில் பத்துப் பன்னிரண்டு முறை எண்ணிவிட்டேன். ஒரு முறைகூடத் தவறவில்லை. இடைவேளையில் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் எங்கள் இடப்பக்க ஆட்டக்காரனை அழைத்து, "அவர் தலை திரும்பியதும் ஓடு" என்றார். இரண்டாம் பாதியில் தலை திரும்பியது, இவன் ஓடினான். ஈரப் புல்லில் வேகமிழந்த பந்து அவர்கள் கோல்காவலரைச் சேரவே இல்லை. கோலடித்தவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் வந்தது. அந்த ஆட்டத்தில் என் கையுறை நனையக்கூட இல்லை.

தாக்குதல் எப்படித் தெரியும் என்கிறீர்கள். பதினொருவரில் பந்துக்கு முதுகு காட்டாமல் ஆட்டம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவன் கோல்காவலன் ஒருவன்தான். நம் ஊரில் அவன் மூன்று மொழிகளில் கத்தவும் வேண்டும். ஃப்ரீ கிக் என்றால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, 9.15 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதச் சுவரை "கிரி, கிரி" என்று மலாயில் இடப்பக்கம் நகர்த்துவான். அதே மூச்சில் "டேய், கடைசி ஆளைப் பிடிடா" என்று தமிழில் ஒரு கத்தல். சீனத் தோழனுக்குக் கைச்சாடை. யார் எங்கே நிற்கிறான், அடுத்த கணம் எங்கே இருக்கப்போகிறான் என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பதுதானே பயிற்றுநர் வேலை?

ஆட்டவிதிகளும் அவனை முன்னுக்குத் தள்ளியிருக்கின்றன. சகா வேண்டுமென்றே காலால் தட்டிக்கொடுக்கும் பந்தைக் கோல்காவலன் கையால் எடுக்கக்கூடாது என்று 1992-இல் விதி வந்தது. 2025-இல் இன்னொன்று: பந்தை எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிர்க்குழுவுக்குக் கார்னர். நடுவர் கையைத் தூக்கிக் கடைசி ஐந்து வினாடிகளை விரல்விட்டு எண்ணுகிறார். அதற்குள் எந்தப் பக்கம் ஆள் குறைவு, யாருக்கு எறிவது, நீளமாக அடிப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். தாக்குதல் அவன் கையிலிருந்து புறப்படுகிறது. அவனுக்குத்தான் தாக்குதல் தெரியாதாம்.

வெளியூர்ச் சான்று வேண்டுமா? டினோ சோஃப் 1982-இல் நாற்பது வயதில் இத்தாலிக்குத் தலைமை தாங்கி உலகக் கிண்ணம் வாங்கினார். பிறகு பயிற்றுநராகி 2000-இல் அதே இத்தாலியை ஐரோப்பிய நாடுகளின் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். ரேமோன் கோத்தால்ஸ் பெல்ஜியக் கழகங்களில் கோல்காவலராக ஆடியவர்; 1993-இல் எழுபத்தொரு வயதில் பிரான்சின் மார்சேய் குழுவுக்கு ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணம் வாங்கித் தந்தார். எனக்கு நெருக்கமானவர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. 2004-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ குழு அதே கழகக் கிண்ணத்தை வென்றபோது அவர் மாற்றுக் கோல்காவலர், என்னைப் போல நாற்காலிக்காரர். 2018-இல் இங்கிலாந்தின் உல்வ்ஸ் குழுவைப் பிரிமியர் லீக்குக்கு உயர்த்தியதும் அவர்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசியா. போட்டியைப் புறக்கணித்ததால் அந்தக் குழு மாஸ்கோ போகவில்லை. அந்தக் குழுவின் கோல்காவலர் ஆறுமுகத்தை, 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை, உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். என் அப்பா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டுவார். அவ்வளவு நீளக் கைகள். அந்தக் கைகளை எங்கே எப்போது நீட்டுவது என்று கணக்குப்போட்ட தலையைப் பற்றி நம் காப்பிக்கடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்து முப்பத்தைந்து வயதில் அவரைக் கொண்டுபோய்விட்டது. இருந்திருந்தால் எத்தனை குழுக்களை வழிநடத்தியிருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எங்களிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஓடிவந்து பந்தை அந்தரத்திலேயே உதைத்துக் காட்டு என்றால் என்னால் முடியாது. அதற்கு ஒரு பழைய தாக்குதல் ஆட்டக்காரரைத்தான் கூப்பிடுவேன். எங்களுக்குப் பயமும் கொஞ்சம் அதிகம். ஒரு கோல் முன்னிலை வந்ததும் எல்லாரையும் பின்னுக்கு இழுக்கும் கை எனக்கும் உண்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது பயிற்றுநர் உரிமத்தைப் பாருங்கள். பிள்ளைகளோடு அரைமணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் ஆடினான் என்பதைக் கடைசியில் கேளுங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் என்று கோல்காவலர் பயிற்சியை ஓரங்கட்டுவதையும் நிறுத்துங்கள். ஓட முடியாத பையனைக் கோலில் நிறுத்திவிட்டு, ஒன்பது கோல் விட்டான் என்று அவனையே ஏசுகிற வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு சின்னத் திடல் இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு இருபது பிள்ளைகள் வருவார்கள். கட்டணம் இல்லை. நேரமிருந்தால் வாருங்கள். ஓரத்தில் நிற்க வேண்டாம், கோலுக்குப் பின்னால் வந்து நின்று ஒரு பாதி ஆட்டம் பாருங்கள். முழுக்கால்சட்டை போட்டு வாருங்கள். அந்த இடத்தில் கொசு அதிகம்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு முன்னாள் கோல்காவலன்